காட்டிக்கொடுப்பவன் வேஷத்துக்கு ஆள் எடுத்த கதை

மீன் வாங்குகிறவன் கண்ணைப் பார்ப்பான். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். ஐஸில் வைத்தால் கண் ஏமாற்றும், செவுள் ஏமாற்றாது. கற்பிட்டிப் பக்கத்துக் கரையில் இருபது வருடத்துக்கு மேலாக மீன் ஏலம் கூறுகிறவனுக்குச் சந்தேகப் புத்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோவிலில் பங்குச் சுவாமி நற்கருணை அப்பம் தரும்போதுகூட நான் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அநியாயம். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

ஹிந்திப் படக்காரர்கள் எங்கள் கரைக்கு வந்த வருடம், அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஊர் சந்தேகத்தில் வெந்துகொண்டிருந்தது. எங்கள் சம்மாட்டியின் படகை, தங்கூசி வலையோடு, விடியற்காலை கடலில் வைத்தே கடற்படை பிடித்துவிட்டது. சம்மாட்டி என்றால் படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர். கரையில் பாதிக் குடும்பங்கள் அவருடைய படகுகளை நம்பித்தான் இருக்கின்றன. தங்கூசி, அதாவது ஒற்றை நைலான் இழை வலை, சட்டப்படி கூடாது. அதை எல்லோரும் போடுகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடற்படைக்காரர் அத்தனை படகுகளையும் விட்டுவிட்டு நேராக அந்த ஒன்றுக்கே வந்தார்கள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்று காலை தேநீர்க் கடையில் முடிவாயிற்று.

சம்மாட்டி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கரையில நிக்கிற ஆள். வாறவன் போறவன் எல்லாரையும் காணுறீங்க. ஆரா இருக்கும்?"

"நான் ஒண்டும் சொல்லல்ல" என்றேன். சொல்லிவிட்டு நாடியை மட்டும் வாசல் பக்கம் கொஞ்சம் ஆட்டினேன். கடைக்கு வெளியே, தென்னை மரத்தடியில் என் தங்கையின் கணவர் நின்று வலைக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் சிலாபம் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் பெண் எடுத்து எங்களோடேயே தங்கிவிட்டவர். சிங்களம் தண்ணீர் மாதிரி கதைப்பார், அதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு கண். படகு பிடிபட்டதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் கடற்படை முகாம் வாசலில் நின்று யாருடனோ கதைத்ததை நானே கண்டேன். கேட்டேன். முகாமில் சமைக்கிறவர் தன் ஊர்க்காரர், அவருடைய வீட்டிலிருந்து வந்த கருவாட்டுப் பார்சலைக் கொடுக்கப் போனேன் என்றார். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற முகாமுக்குக் கருவாடா என்று நினைத்தேன். நெருப்பில்லாமல் புகையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி சொன்னாள். அவளையும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

அந்தச் சூட்டிலேயே படக்காரர்களின் வான் வண்டிகள் வந்து இறங்கின.

ஹிந்திப் படம் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் புத்தளத்திலிருந்து வாடகைக்கு வீடியோ டெக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கூடிப் பார்க்கும். அடிதடிப் படங்கள்தான். யாருக்கும் ஹிந்தி தெரியாது. மொழி தெரியாதவனுக்கு முகம்தான் வசனம். அதனால் ஒரு விஷயம் எனக்கு அப்போதே பிடிபட்டது. அடிதடிப் படத்தில் அடிக்கிறவனை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அடி வாங்குகிறவனைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் படம் முடிந்தது. வாங்குகிறவன் முகத்தில் வலி இல்லையென்றால் அடித்தவன் எவ்வளவு சதை வைத்திருந்தும் வீண். வில்லனைப் பார்த்தால் அவன் வீட்டில் ஒரு பிள்ளை அவனுக்காகக் காத்திருக்கும் என்று தோன்ற வேண்டும். அப்போதுதான் பயம் வரும்.

இந்தப் படத்தின் கதாநாயகன் கடற்படை அதிகாரியாம். போதைப்பொருள் கூட்டத்தைப் பிடிக்க மீன்பிடிக்காரன் வேஷத்தில் ஒரு கரையில் வந்து தங்குகிறானாம். அந்த வேஷத்துக்கு அவர்கள் எடுத்திருந்த பையனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு இரண்டு சாண் முன்னால் வந்தது. பல் எல்லாம் ஒரே அளவு. வலையைக் கையால் இழுத்தான். வலையை இடுப்பால் இழுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த இடுப்பு வளைந்திருக்காது. அவனுக்குத் தாயாக நடித்த பெண் அவனை விட இளையவள் என்று எங்கள் பெண்கள் அடித்துச் சொன்னார்கள்.

வில்லனாக வந்தவர் வேறு மாதிரி. அறுபது வயதிருக்கும். இதற்கு முன் படங்களில் தகப்பன், வாத்தியார் என்று ஓரமாக நின்றவராம். முதல் நாளே என் பக்கத்தில் வந்து குந்தினார். மீன் வெட்டுகிற பெண்ணின் கையையே ஒரு மணித்தியாலம் பார்த்தார். பிறகு கத்தியை வாங்கித் தானே ஒரு பாரை மீனை வெட்டினார். எனக்கு முதுகு கூசியது. இந்த ஆளைப் போட்டவனுக்கு மூளை இருக்கிறது, அந்தப் பையனைப் போட்டவனுக்கு வேறு ஏதோ கணக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

சின்னச் சின்ன வேஷங்களுக்கு ஊரிலேயே ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ், சிங்களம், ஹிந்தி மூன்றும் கதைப்பாள். எல்லோருடைய முகத்தையும் போனில் படம் எடுத்தாள். நாங்கள் அவளை முகம் பொறுக்க வந்தவள் என்போம். சோழியன் குடுமி சும்மா ஆடாது. எதற்கு இத்தனை முகம், யாருக்கு அனுப்புகிறாள் என்று நான் இரண்டு நாள் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே என்னைத் தேடி வந்தாள்.

"அங்கிள், ஏலத்தில எல்லாரும் உங்களத்தான் பாக்கிறாங்க. உங்களுக்கு இந்தக் கரையில எல்லா முகமும் பாடம்தானே. எனக்கு ஒரு உதவி வேணும்."

எனக்கு யாரும் அங்கிள் என்பது பிடிக்காது. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டேன்.

கதாநாயகன் உண்மையில் யார் என்பதை வில்லனிடம் காட்டிக்கொடுக்கிற ஊர்க்காரன் ஒருவன் வேண்டுமாம். வசனம் இல்லை. ஒரு நிமிடம்தான். ஆனால் படமே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. "பாத்தவுடன சனம் நம்போணும் அங்கிள். நடிகரைப் போட்டா நடிச்சுப் போடுவார்."

நான் யோசிக்கவே இல்லை. என் மச்சானின் வீட்டைக் காட்டினேன். என் தங்கையின் கணவர் என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"சொந்தக்காரரையா?"

"முகம் சரியா இருக்கும்" என்றேன்.

எங்கள் ஊரில் வேஷம் என்றால் சும்மா விஷயம் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தவக்காலத்தில் கோவில் வளவில் பாஸ் போடுவோம். யேசுநாதரின் பாடுகளை நாடகமாக நடிப்பது. யூதாஸ் வேஷத்துக்கு ஒருவரும் முன்வர மாட்டார்கள், சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். சீட்டு விழுந்த நாளிலிருந்து அந்த மனிதரோடு ஊர் கதைக்காது. பகிடி இல்லை, உண்மையாகவே கதைக்காது. கடைக்காரர் சாமானை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். உயிர்த்த ஞாயிறு காலை, யேசுவாக நடித்தவர் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், பாண் ரொட்டியைப் பிய்த்து மீன் கறியில் தோய்த்துத் தன் கையாலேயே ஊட்டிவிடுவார். அத்தோடு வேஷம் கழிந்தது. அதற்குப் பிறகு ஊர் பழையபடி கதைக்கும். ஊட்ட வேண்டியவர் காட்டிக்கொடுக்கப்பட்டவர்தான், வேறு யாரும் ஊட்டினால் செல்லாது.

சினிமாவில் வேஷத்தைக் கழிக்க ஒருவரும் இல்லை. அதை நான் அப்போது நினைக்கவில்லை.

மச்சான் சம்மதித்தார். ஏன் சம்மதித்தார் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சாக இருந்தால் ஓடியிருப்பானே என்று ஒரு பக்கம் தோன்றியது. தைரியசாலி, ஊர் கண்ணில் மண்ணைத் தூவுகிறான் என்று மறுபக்கம் தோன்றியது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

படம் எடுத்த அன்று முழு ஊரும் கரையில் நின்றது. மச்சானுக்கு ஒரு கோடு போட்ட சட்டை கொடுத்தார்கள். டைரக்டர் ஏதோ சொன்னார், கொழும்புப் பெண் தமிழில் சொன்னாள்: "ஒண்டும் செய்ய வேணாம். அவரைப் பாருங்க, பிறகு கீழ பாருங்க. அவ்வளவுதான்." மச்சான் பார்த்தார். கதாநாயகனை அல்ல, அவனுக்குப் பின்னால் கூடி நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். டைரக்டர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற சம்மாட்டி, "அவங்களுக்கே முகத்தில தெரிஞ்சிருக்கு, பாத்தீங்களா" என்று என் காதில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அடுத்து விரலை நீட்டிக் காட்டுகிற கையை மட்டும் கிட்டத்தில் எடுக்க வேண்டும். அங்கேதான் தடங்கல். மச்சானின் வலது சுட்டுவிரலில் மேல் கணு இல்லை. நங்கூரக் கயிறு கொண்டுபோனது. பார்க்கிறவன் கதையை விட்டுவிட்டு விரலைப் பார்ப்பான் என்றார்களாம். கொழும்புப் பெண் கூட்டத்தில் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னிடம் நின்றாள்.

"அங்கிள், உங்கட கை."

மச்சான் சட்டையைக் கழற்றித் தந்தார். உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. கைக்கு எண்ணெயும் மணலும் பூசினார்கள். ஏலத்தில் கடைசி விலை சொன்னவரை நான் காட்டுகிற விதம் ஒன்று உண்டு: பெருவிரலை உள்ளே மடக்கி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒட்டி நீட்டி, ஒரு வெட்டு வெட்டுவேன். இருபது வருடப் பழக்கம், வேறு மாதிரி எனக்கு வராது. அப்படியே காட்டினேன். டைரக்டர் கை தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது மச்சான், "நல்லா வந்திச்சா, மச்சான்?" என்று கேட்டார். நல்லா வந்தது என்றேன்.

வான்கள் போயின. வேஷம் போகவில்லை.

பாஸ் யூதாஸோடு கதைக்காத ஊர், சினிமா யூதாஸோடும் கதைக்கவில்லை. பாஸ் என்றால் ஒரு நாள் முடியும். இது முடியவில்லை. சம்மாட்டி அவரைப் படகில் ஏற்றவில்லை. மற்றவர்களும் ஏற்றவில்லை. ஆட்கள் நிறைய, இடம் இல்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். கடலை விட்டால் வேறு தொழில் தெரியாத மனிதர் முந்தல் பக்கம் இறால் பண்ணை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். விடிய பஸ் ஏறி, பொழுதுபட வருவார். கரையால் வராமல் பின்பக்கச் சந்து ஒழுங்கையால் வீட்டுக்குப் போவார்.

தங்கை ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்காரவில்லை.

"அண்ணா, பாஸ் முடிஞ்சா பாண் குடுக்கிறது தானே. இவருக்கு ஆரும் குடுக்கல்ல. முறையில்லாட்டியும் நீங்க ஒரு துண்டு குடுத்தா ஊர் கதைக்கும்."

"அது பாஸ். இது சினிமா" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு ஊர் கதைக்கிறல்ல?"

காட்டிக்கொடுத்தவனுக்கு நான் ஏன் ஊட்ட வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, வாயால் மட்டும், பார்ப்போம் என்றேன். அவள் தேத்தண்ணீர் குடிக்காமலே போனாள்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். கடற்றொழில் பரிசோதகர் ஒரு காலை ஏலத்துக்கு வந்தார். நல்ல மனிதர், தமிழ் கொஞ்சம் தெரியும். பேச்சுவாக்கில் அந்தப் படகைப் பற்றிக் கேட்டேன். யார் தகவல் தந்தது என்று நேராகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"தகவலா? உங்கட ஆக்கள் வலைய ரோட்டோரத்தில காயப் போட்டிருந்தாங்க. பக்கத்தில படகு, நம்பரோட. நான் பஸ்ஸில போகக்குள்ள ஜன்னலால பாத்தன், நேவிக்கு நம்பரைச் சொன்னன்."

முழுப் பூசணிக்காயை ரோட்டில் காயப் போட்டுவிட்டு, சோற்றில் மறைத்ததை எவன் சொன்னான் என்று தேடியிருக்கிறோம்.

முதலில் நான் அவரையும் நம்பவில்லை. தகவல் தந்தவரைக் காப்பாற்றச் சொல்கிறாரோ என்று யோசித்தேன். இரவு படுக்கையில் அந்த யோசனை நிற்கவில்லை. வலை காய்ந்த இடத்தை நானும் கண்டிருந்தேன். நம்பினேன். நம்பிய பிறகும் வாய் திறக்கவில்லை. சொன்னால், அன்று நாடியை ஆட்டியது யார் என்ற கேள்வி வரும். இருபது வருடமாக என் விரலை நம்பி மீன் விற்கிற கரை. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

அதற்குள் படம் வந்துவிட்டது. இந்தியாவிலேயே ஓடவில்லையாம். எங்கள் ஞானோபதேச வாத்தியார் எங்கிருந்தோ அதை எடுத்து வந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் வகுப்புக்கு வைத்திருக்கிற புரொஜெக்டரில் போட்டார். நிற்க இடம் இல்லை. மச்சானும் தங்கையும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் கதிரை காலியாக இருந்தது.

படம் நான் நினைத்த மாதிரியே இருந்தது. பையன் ஒரு துடுப்பால் இருபது பேரை அடித்தான். எங்கள் சனம் சிரித்தது. அழ வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டினான். வில்லன் வந்த இடங்களில் மட்டும் மண்டபம் அமைதியாகும், அந்தப் பையன் வந்ததும் திரும்பக் கதை தொடங்கும். ஒரு பிழையான ஆளைப் போட்டு, நல்ல ஆட்கள் பத்துப் பேரின் உழைப்பைக் கடலில் கொட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு மச்சான் வந்தார்.

திரை முழுவதும் அவர் முகம். அவர் எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் பேராசை இல்லை, பயமும் இல்லை. செய்யாத ஒன்றுக்கு ஊர் தன்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம் அது. அதை நான் கரையில் நின்று கண்டும் காணவில்லை. அவ்வளவு பெரிதாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் கண்டேன். முகம் சரியா இருக்கும் என்று சொன்னேனே, ஆளைப் பிழையாக எடுத்தது அந்தக் கொழும்புப் பெண் அல்ல.

அவர் தலையைக் குனிந்தார். அடுத்தது கை. பெருவிரல் உள்ளே மடங்கி, இரண்டு விரல் ஒட்டி நீண்டு, ஒரு வெட்டு.

மீன் வெட்டுகிற பெண் முன் வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அது அவர்ட கையில்ல. ஏலக்காரர்ட கை."

அன்று கரையில் நின்று பார்த்த சனம்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சம்மாட்டியும் பார்த்தார். அவர் எழும்பினார். வாத்தியார் படத்தை நிறுத்தினார். என் கை அப்படியே திரையில் நின்றது.

"ஒண்டு கேக்கிறன்" என்றார் சம்மாட்டி. "அண்டைக்குத் தேத்தண்ணிக் கடையில நாடிய ஆட்டினீங்க. கண்டு ஆட்டினதா, கேட்டு ஆட்டினதா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. எனக்கு அந்த நொடி நன்றாக நினைவிருக்கிறது.

"ரெண்டும் இல்ல" என்றேன். பிறகு பரிசோதகர் சொன்னதைச் சொன்னேன். எப்போது சொன்னார் என்பதையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. வாத்தியார் புரொஜெக்டரை அணைத்தார். சனம் கலைந்தது. வாசலில் என்னைக் கடந்து போன ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. சம்மாட்டி கடைசி வரிசைக்குப் போய், காலியாக இருந்த கதிரையில் இருந்து, மச்சானிடம் நாளைக்குக் கடலுக்கு வரச் சொன்னதைத் தூரத்தில் நின்று கேட்டேன்.

மறுநாள் ஏலத்தில் நான் விலை கூறினேன். வாங்குகிறவர்கள் விலை சொன்னார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரர் வெற்றிலையை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. வியாழக்கிழமை படகு வந்து மீன் இறக்கி முடிந்ததும், மச்சான் என் முன்னால் வந்து நின்றார்.

"வீட்டுக்கு வாங்க, மச்சான்."

கரையால்தான் போனோம். எல்லோரும் பார்த்தார்கள். வீட்டில் தங்கை மேசையில் பாணும் மீன் கறியும் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். மச்சான் கை கழுவிவிட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"நீங்கதான் என்னைக் காட்டினதெண்டு அந்தக் கொழும்புப் பிள்ளை அண்டைக்கே சொன்னா" என்றார். "நான் நல்லா நடிப்பன் எண்டு நினைச்சுச் சொல்லியிருக்கிறீங்க எண்டு சந்தோசப்பட்டன். அதான் ஓம் எண்டன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. மேல் கணு இல்லாத அந்த விரலால் பாணைப் பிய்த்தார். கறியில் தோய்த்து என் முன்னால் நீட்டினார்.

நான் திருப்பிப் பார்க்காமல் வாயில் வாங்கிக்கொண்டேன்.